எத்தனை பேரில் எத்தனை பேர்? கருத்தாய்வையும் நேர்காணலையும் எக்செலில் வரைந்த அனுபவம்

ஒரு பயிற்சித் திட்டத்தின் பயனை அறிவதற்காக, அதில் சேர்ந்தவர்களிடம் கேள்வித்தாள் வழியாகக் கருத்துக் கேட்டு, அவர்களில் 14 பேருடன் நேரில் அமர்ந்து விரிவாகப் பேசி, கிடைத்தவற்றையெல்லாம் வரைபடங்களாக்கித் தரும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. கேள்வித்தாளுக்கு 186 பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். எக்செல் எனக்கு அன்றாடம் கைபழகிய கருவி என்பதால், இரண்டே நாளில் பன்னிரண்டு வரைபடங்களை உருவாக்கி முதல் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது படத்திலேயே ஒருவர் கையை உயர்த்தி, "இந்த 62 சதவீதம் எத்தனை பேரில்?" என்று கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. கோப்பைத் திறந்து தேடிய பிறகுதான், அந்தக் கேள்வி பயிற்சியை முழுமையாக முடித்தவர்களுக்கு மட்டும் காட்டப்பட்டது என்பதும், அதற்குப் பதிலளித்த 71 பேரில் 44 பேர் ஆம் என்றார்கள் என்பதும் தெரிந்தது. அதற்கு முந்தைய படமோ 186 பேரையும் பற்றியது. இரண்டையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், அடுத்தடுத்து நான் வைத்திருந்ததால், பார்த்தவர்கள் இரண்டும் ஒரே கூட்டத்தாரின் பதில் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் படித்திருக்கிறோம். பட்டையின் நீளத்தில் தொகுதி பளிச்சென்று தெரிகிறது. பகுதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கருத்தாய்வு வரைபடங்களில் நான் செய்த பிழைகளையும், பிறர் செய்யக் கண்ட பிழைகளையும் பின்னோக்கித் தேடிப் போனால், அநேகமாக எல்லாமே இந்தப் பகுதியைக் கவனியாமல் விட்டதில்தான் போய் நிற்கின்றன. அதனால் நிறம், எழுத்துரு ஆகியவற்றைவிட, வரைவதற்கு முன் தாளில் நடக்கும் எண்ணிக்கை வேலையைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

இணையப் படிவத்திலிருந்து இறக்கிய தரவை இப்போது நான் முதல் தாளில் வைத்து, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. ஒருவருக்கு ஒரு கிடைவரிசை, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை என்ற அமைப்பை அப்படியே காக்கிறேன். பெயருக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் தருவது உட்பட, திருத்தங்கள் அனைத்தும் அதன் நகலான இரண்டாவது தாளில்தான் நடக்கும். எண்ணிக்கை அட்டவணைகள் மூன்றாவது தாளிலும், வரைபடங்கள் நான்காவதிலும் இருக்கும். ஒரு பட்டையின் நீளத்தைப் பற்றி யாராவது ஐயம் எழுப்பினால், படத்திலிருந்து எண்ணிக்கைக்கும், எண்ணிக்கையிலிருந்து தனித்தனி மனிதர்களின் பதிலுக்கும் சில நிமிடங்களில் நடந்துபோக இந்த நான்கு தாள்கள் போதும்.

திருத்தும் கட்டத்தில் எதிர்பாராத இடங்களில் தடுக்கி விழ நேரும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினீர்கள் என்ற கேள்விக்கு 1-2, 3-5, 6-10 என்று விருப்பங்கள் தந்திருந்தோம். பதில்களைச் சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பாக) இறக்கி, இருமுறை சொடுக்கித் திறந்ததும், எக்செல் இவற்றைத் தேதிகளாக மாற்றிவிட்டது. 3-5 என்ற தொடரைத் தேடிய எண்ணிக்கைச் சூத்திரம் 0 என்று விடை தந்தபோதுதான் கவனித்தேன். தேதி என்பது எக்செலுக்கு உள்ளுக்குள் வெறும் எண் என்பதால், கட்டத்தின் வடிவத்தைப் பின்னர் "டெக்ஸ்ட்" என்று மாற்றினாலும் பழைய பதில் திரும்பாது; ஐந்து இலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும். இதே மாற்றம் மரபணு ஆய்வாளர்களை நெடுங்காலம் வருத்தியதால், மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக் குறியீடுகளையே மனித மரபணுப் பெயரிடும் குழு மாற்றியமைத்து 2020-இல் புதிய நெறிமுறையை வெளியிட்டது. நம் அளவில் தீர்வு எளிது. கோப்பை நேரடியாகத் திறக்காமல் "டேட்டா" பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று முன்பே அறிவித்துவிடலாம். அதைவிட நல்லது, கேள்வித்தாளிலேயே "3 முதல் 5 மணி நேரம் வரை" என்று எழுதிவிடுவது.

வெற்றுக் கட்டத்துக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். சராசரி காணும் ஆவரேஜ் சூத்திரம் வெற்றுக் கட்டங்களை விட்டுவிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். நான்கு பேர் 4, 5, 4, 5 என்று மதிப்பெண் கொடுத்திருந்தால் சராசரி 4.5. "எனக்குப் பொருந்தாது" என்ற இருவரின் பதிலை யாரோ 0 என்று பதிந்துவிட்டால் அது 3-ஆகச் சரிந்துவிடும். ஒருவர்கூடக் குறை சொல்லாத ஒரு பயிற்றுநர் இந்தக் கணக்கில் சுமாரானவராகத் தோன்றிவிடுவார். பதிலளிக்காதவர், பொருந்தாது என்றவர், கேள்வியே காட்டப்படாதவர் என்ற மூன்று நிலைகளுக்கும் மூன்று தனிச் சொற்களை வைத்துக்கொள்கிறேன். மூன்றையும் வெற்றாக விட்டால், யாரைப் பகுதியில் சேர்ப்பது என்று பிறகு தெரியாமல் போகும்.

"பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கவும்" என்ற வகைக் கேள்விகள் தனிக் கவனம் கேட்பவை. கூகுள் படிவம் ஒருவரின் தேர்வுகள் எல்லாவற்றையும் காற்புள்ளியிட்டு ஒரே கட்டத்தில் கொட்டிவிடுகிறது. உடுக்குறி (*) போட்டுத் தேடும் கவுன்ட்இஃப் சூத்திரத்தால் எண்ணிவிடலாம் என்று தொடங்கினேன். "கைபேசி" என்று ஒரு விருப்பமும் "கைபேசிச் செயலி" என்று இன்னொரு விருப்பமும் இருந்ததால், முதலாவதைத் தேடும்போது இரண்டாவதைத் தேர்ந்தவர்களும் சேர்ந்து எண்ணப்பட்டார்கள். இப்போது விருப்பம் ஒன்றுக்கு ஒரு நெடுவரிசை அமைத்து, தேர்ந்திருந்தால் 1, இல்லையேல் 0 என்று பிரித்துவிட்டு, முதல் இருபது பேரின் பதில்களைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சதவீதம் காணும்போது வகுக்க வேண்டியது இந்தக் கேள்விக்குப் பதிலளித்த மனிதர்களின் எண்ணிக்கையால்; தேர்வுகளின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் "நூறு தேர்வுகளில் இத்தனை" என்ற, யாரும் கேட்காத ஒன்றுக்கு விடை கிடைக்கும். மனிதர்களால் வகுக்கும்போது கூட்டுத்தொகை நூறைத் தாண்டும் என்பதால், இவ்வகைக் கேள்விக்கு வட்ட வரைபடம் அறவே கூடாது. நீளத்தின்படி வரிசைப்படுத்திய கிடைப்பட்டைகளே பொருத்தம்.

எனக்கு அதிக நேரம் பிடித்ததும், அதிகம் கற்றுத் தந்ததும், "முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கி "முற்றிலும் மறுக்கிறேன்" வரை செல்லும் ஐந்து நிலைக் கேள்விகள்தாம். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய இந்த அளவுகோல் இன்று ஏறக்குறைய எல்லாக் கருத்தாய்விலும் இருக்கிறது. ஐந்து நிலைகளுக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுத்து, ஒவ்வொரு வாசகத்துக்கும் சராசரி கண்டு, ஒரு பட்டை போட்டுவிடுவது எளிய வழி. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் எல்லாரும் 3 என்று சொன்னாலும் சராசரி 3; பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்று சொன்னாலும் சராசரி 3. "பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் போதுமானதாக இருந்தது" என்ற வாசகம் எங்கள் கருத்தாய்வில் ஏறத்தாழ 3 பெற்று, யாருக்கும் பெரிய கருத்து இல்லை என்பதுபோல் படத்தின் நடுவில் அமைதியாகக் கிடந்தது. ஒவ்வொரு நிலையையும் எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்ற பரவலை வரைந்து பார்த்தபோது நடுநிலையில் மிகச் சிலரே இருந்தார்கள். மற்றவர்கள் இரு முனைகளிலும் குவிந்திருந்தார்கள். இந்த வாசகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது நேர்காணல்களில்தான் புலப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பரவலைக் காட்ட நூறு சதவீத அடுக்குப் பட்டை போதும். எதிர்ப்பை இடப்புறமும் ஆதரவை வலப்புறமும் விரியச் செய்யும் இருபுறப் பட்டை இன்னும் தெளிவானது. எக்செலில் இதற்கென்று தனி வகை இல்லை என்றாலும், எண்ணிக்கைத் தாளில் மறுப்பவர்களின் சதவீதங்களை எதிர்க்குறி எண்களாக எழுதிவிட்டுச் சாதாரண அடுக்குப் பட்டையைத் தேர்ந்தால் அவை தாமாகவே இடப்பக்கம் விரியும். அச்சிலும் பட்டையிலும் எதிர்க்குறி தெரியாமலிருக்க, எண் வடிவத்தில் 0%;0% என்று எழுதினால் போதும். அடுக்கும் வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடுக்கோட்டை ஒட்டி வர வேண்டியது முதலில் இருக்க வேண்டும் என்பதால், இடப்பக்கத்துக்கு "மறுக்கிறேன்" முதலிலும் "முற்றிலும் மறுக்கிறேன்" அடுத்தும் வர வேண்டும். அதனால் நிறக் குறிப்பில் வரிசை குழம்பிப்போகிறது. நான் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு, முதல் பட்டையின் மேல் நிலைகளின் பெயரை நேரடியாக எழுதிவிடுகிறேன். வாசகங்கள் நடுக்கோட்டின் மீதே அமர்ந்து இடப்பட்டைகளை மறைப்பதையும் காண்பீர்கள். அச்சின் அமைப்பில் பெயர்களின் இடத்தை "லோ" என்று மாற்றினால் அவை இடது ஓரத்துக்கு நகர்ந்துவிடும். நடுநிலையாளர்களைப் பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிரிப்பது வழக்கத்தில் உண்டு. கருத்து எதுவும் சொல்லாதவரை இரு கட்சிக்கும் பங்கு போடுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்களை வலது ஓரத்தில் தனிப் பட்டையாகச் சாம்பல் நிறத்தில் வைக்கிறேன்.

எதிர்மறையாக எழுதப்பட்ட வாசகங்கள் இடையில் இருந்தால், எண்களைச் சேர்ப்பதற்கு முன் 6-இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நிறங்களைப் பொறுத்தவரை, ஆண்களில் கணிசமானோருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு தெளிவாகத் தெரியாது என்பதால், நீலமும் செம்மஞ்சளும் எனக்குப் பிடித்த இணை.

மற்றப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டை வரைபடத்தை 1786-இலும் வட்ட வரைபடத்தை 1801-இலும் அச்சில் அறிமுகப்படுத்தியவர் ஒருவரே: வில்லியம் பிளேஃபேர். நம் கண் எதைச் சரியாக மதிப்பிடுகிறது என்பதை 1984-இல் புள்ளியியலாளர்கள் கிளீவ்லாந்தும் மெக்கில்லும் சோதித்தபோது, ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடங்களை ஒப்பிடுவதில் மனிதர்கள் துல்லியமாகவும், கோணத்தை ஒப்பிடுவதில் அதைவிடக் குறைந்த துல்லியத்துடனும் இருந்தார்கள். ஆம், இல்லை என்ற இரு பிரிவுக்கு மேல் போனால் நான் வட்டத்தைத் தொடுவதில்லை. பட்டைகளிலும் ஒரு பொறி உண்டு. மிகச் சிறிய மதிப்பு மிகப் பெரிய மதிப்பின் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால், எக்செல் தானாகவே அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் விட்டுவிடும். 86 சதவீதமும் 90 சதவீதமும் அப்போது ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு போலத் தோன்றலாம். அச்சின் தொடக்கத்தில் 0 என்று கையால் எழுதுவது எனக்கு அனிச்சையான பழக்கமாகிவிட்டது. கிடைப்பட்டையில் அட்டவணையின் முதல் வரிசை அடியில் போய்விடுவதை, வகைகளைத் தலைகீழ் வரிசையில் காட்டும் தேர்வைக் குறித்துச் சரிசெய்யலாம்.

இனி நேர்காணல்கள். பதினான்கு பேரின் பேச்சையும் எழுத்தாக்கிய பிறகு, ஒவ்வொரு கருத்துத் துண்டையும் ஒரு கிடைவரிசையில் வைத்து, அருகில் பேசியவரின் எண்ணையும், அந்தத் துண்டு எதைப் பற்றியது என்ற சிறு தலைப்பையும் எழுதினேன். தரவைத் தொகுத்து எண்ணித் தரும் பிவோட் டேபிள் போட்டு, தலைப்புவாரியாக எண்ணி, பட்டை வரைந்தேன். "பயண நேரம்" என்ற தலைப்பு உச்சியில் நின்றது. பிறகு துண்டுகளை மீண்டும் படித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒருவர் சொன்னவை என்று தெரிந்தது. அவர் எந்தக் கேள்விக்கு விடை சொன்னாலும் பயணத்தில் வந்து முடித்திருந்தார். மற்றவர்களில் இருவர்தான் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள். நான் வரைந்தது பேச்சின் அளவை. வாசகர்களோ அதை மனிதர்களின் எண்ணிக்கை என்று படித்திருப்பார்கள்.

இப்போது துண்டுத் தாளுக்கு அடுத்து இன்னொரு தாள் வைக்கிறேன். கிடைவரிசையில் பதினான்கு பேர், நெடுவரிசையில் தலைப்புகள். கவுன்ட்இஃப்ஸ் சூத்திரம் பூச்சியத்துக்கு மேல் தந்தால் 1, இல்லையேல் 0. நிபந்தனை வடிவமைப்பைக் கொண்டு 1 உள்ள கட்டங்களுக்கு மட்டும் நிறமூட்டி, தலைப்புகளை எண்ணிக்கையின்படியும் மனிதர்களை ஒத்த பதில்களின்படியும் நகர்த்தி அடுக்கினால், அந்தக் கட்டத் தாளே சிறந்த வரைபடமாகிவிடுகிறது. யாரெல்லாம் ஒரே மாதிரி பேசினார்கள், யார் தனித்து நிற்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரியும். சதவீதம் இங்கு எழுதுவதில்லை. பதினான்கு பேரில் ஐந்து பேர் என்பதை 36 சதவீதம் என்று எழுதும்போது, அது பெரிய கூட்டத்தின் அளவீடு போல ஒலிக்கிறது. வெள்ளைக் கட்டத்தை மறுப்பாகப் படிக்கக் கூடாது என்பதையும் படத்தின் அடியில் எழுதிவிடுகிறேன். உரையாடலின் போக்கில் அந்தப் பேச்சே எழாமல் போயிருக்கலாம். எனவே "கேட்கப்பட்டது, அவர் இல்லை என்றார்" என்பதற்கு வேறொரு குறி இடுகிறேன்.

தலைப்பிடுவதில் என் சாய்வு கலந்திருக்குமே என்ற கவலையால், இன்னொருவரையும் தனியாகத் தலைப்பிடச் சொல்லி ஒப்பிடுவது நல்லது. இருவரும் 80 சதவீதத் துண்டுகளில் ஒத்துப்போனோம் என்றால் நிறைவாக இருக்கும். ஆனால் 50 துண்டுகளில் ஒரு தலைப்பை இருவரும் இட்டவை 5, இருவரும் இடாதவை 35, ஒருவர் மட்டும் இட்டவை இருவருக்கும் தலா 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பத்துத் துண்டுகளுக்குத் தலைப்பிட்டிருப்பதால், தற்செயலாகவே 68 சதவீதம் ஒத்துப்போகும். ஜேக்கப் கோஹென் 1960-இல் முன்வைத்த கப்பா அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிடுகிறது: 0.80-இலிருந்து 0.68-ஐக் கழித்து, மீதி 0.12-ஐ 0.32-ஆல் வகுத்தால் 0.375 வரும். ஐந்தே கட்டங்களில் எக்செலில் முடிந்துவிடும் இந்தக் கணக்கு, தலைப்பின் விளக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது.

நேரம் பற்றிய அந்த வாசகத்துக்கு வருகிறேன். நேர்காணல் துண்டுகளில் "நேரம்" என்ற தலைப்பை வடிகட்டிப் படித்தபோது, சிலர் ஒரு நாள் வகுப்பின் நீளத்தைப் பற்றிப் பேசுவதையும், சிலர் பயிற்சி மொத்தம் எத்தனை வாரம் நடந்தது என்பதைப் பற்றிப் பேசுவதையும் கண்டேன். வகுப்பு போதிய அளவு நீளமாக இருந்தது என்பதில் யாருக்கும் குறையில்லை. வாரங்கள் போதவில்லை என்பதில் பலருக்கு ஆதங்கம். கேள்வித்தாளில் நாங்கள் ஒன்று கேட்டதாக நினைத்திருந்தோம். அவர்கள் இரண்டு கேள்விகளைப் படித்திருந்தார்கள். இரு முனைகளிலும் குவிந்திருந்த பட்டைக்கு இதுவே விளக்கமாக இருக்கக்கூடும் என்று எழுதி, அந்த வாசகத்தை முடிவுகளிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் இரண்டாகப் பிரித்துக் கேட்குமாறு பரிந்துரைத்தோம். சராசரிப் பட்டையோடு நின்றிருந்தால் இது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

குறைந்த எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குலுக்கல் முறையில் தேர்ந்த 100 பேரிடம் கேட்டு 50 சதவீதம் என்ற விடை வந்தால், 95 சதவீத நம்பிக்கை நிலையில் (அதாவது, இப்படி 100 முறை கேட்டால் ஏறத்தாழ 95 முறை பொருந்தும் எல்லையில்) அது ஏறத்தாழ 10 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேரிடம் கேட்டால் 5 புள்ளிகள். எக்செலில் பிழை எல்லைக் கோடுகளாக இதை வரைந்து காட்ட முடியும். ஆனால் இந்தக் கணக்கு குலுக்கலில் தேர்ந்தவர்களுக்கே செல்லும். எங்களுக்குப் பதில் அனுப்பியவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதால், அந்தக் கோடுகளைப் போட்டு இல்லாத துல்லியத்தைக் காட்டாமல், எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதைப் படத்தின் அடியில் எழுதினோம். கேள்வியின் முழு வாசகமும், யாரிடம் கேட்கப்பட்டது என்பதும் அதே இடத்தில் இருக்கும்.

பிரித்துப் பிரித்துப் பார்க்கும் ஆசை கடைசியில் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. வயது, பணி, பயிற்சிக் குழு என்ற மூன்றின்படியும் பிரித்த ஒரு படத்தில், ஒரு பட்டைக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருடைய நேர்காணல் மேற்கோளும் அதே பக்கத்தில் இருந்தது. பெயரை எங்கும் எழுதாவிட்டாலும், உடன் படித்தவர்கள் யாராக இருந்தாலும் அவரைக் கண்டுகொண்டிருப்பார்கள்; பயிற்றுநரைப் பற்றி மனம் திறந்து பேசியவர் அவர். அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் மாலை இதைக் கவனித்து, இரண்டு வயதுப் பிரிவுகளை ஒன்றாக்கி, மேற்கோளை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம். அன்று முதல், எண்ணிக்கைத் தாளில் 5-க்குக் குறைவான கட்டங்கள் தானாகச் சிவக்கும்படி நிபந்தனை வடிவமைப்பு வைத்திருக்கிறேன். சிவந்த கட்டம் ஒன்றாவது இருக்கும் அட்டவணையிலிருந்து படம் வரைவதில்லை.